சுவர் இருந்த கோயில்

(வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலய யூபிலிக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

 

யூபிலி விழாவில் கோயிலின் வரலாற்றைப் பற்றிச் சிறிது நேரம் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டபோது, "முழு வரலாற்றையும் பேசலாமா?" என்று திருப்பிக் கேட்டேன். "பேசலாம்" என்றார்கள். அந்தச் சொல்லை நம்பித்தான் இங்கே நிற்கிறேன். யூபிலி மலர்களில் வரலாறு எப்படி எழுதப்படும் என்பது நமக்குத் தெரியும். இன்ன ஆண்டில் அடிக்கல், இன்ன ஆண்டில் மந்திரிப்பு, இன்ன சுவாமியார் மணி வாங்கினார், இன்னார் தேர் செய்து கொடுத்தார் என்று வரிசையாக வரும். அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வடக்கன்குளத்தின் பெயரை வெளியூர்களில், நீதிமன்றங்களில், பல்கலைக்கழகங்களில் பேசுகிறவர்கள் மணியைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரு சுவரைப் பற்றிப் பேசுகிறார்கள். ஊரார் பேசாமல் விட்டதை மற்றவர்கள் பேசுவதைவிட, ஊரார் கூடியிருக்கும் இடத்திலேயே அதைப் பேசுவது மேல் அன்றோ?

முதலில் ஊரின் இருப்பிடத்தைக் கவனியுங்கள். மேற்கே மலைத்தொடர். அதன் தென்கோடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய். கணவாய்க்கு அப்பால் அன்றைய திருவிதாங்கூர். இப்பால் பாண்டி நாடு. திருவிதாங்கூர் மன்னரின் ஆணை கணவாயோடு நின்றுவிடும். ஆகவே அப்பக்கம் செய்ய முடியாத காரியங்களை இப்பக்கம் செய்ய முடிந்தது. இந்த ஒரு நிலவியல் உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டால் நம் ஊர் வரலாற்றில் பாதி விளங்கிவிடும்.

பனங்காட்டுச் செம்மண் தேரியில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிறிஸ்தவம் வேர்விட்டது. நாடார் குலப் பெண்மக்களிடமிருந்து அது தொடங்கியது என்பது வரலாற்றாசிரியர்கள் பதிந்துள்ள செய்தி. 1685 வாக்கில் இங்கே ஒரு சிறு கோயில் எழுந்தது. பெரிய மகான்களும் மன்னர்களும் வந்து மனந்திருப்பிய கதை இதில் இல்லை. பெண்கள் தொடங்கி வைத்தார்கள், வீட்டார் பின்தொடர்ந்தார்கள். நாடார்கள் ஒருபுறமும், வேளாளப் பிள்ளைமார், முதலியார் குடும்பங்கள் மறுபுறமுமாக இந்தச் சபை வளர்ந்தது. ஒரே விசுவாசம், ஒரே ஞானஸ்நானம். ஆனால் தெரு வேறு, பந்தி வேறு.

அடுத்தது எல்லோருக்கும் தெரிந்த நிகழ்ச்சி. 1745ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள், திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த நட்டாலம் நீலகண்டன் இங்கே வந்து ஞானஸ்நானம் பெற்றார். 1741இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மரின் படைத்தலைவராகவே உயர்ந்த, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய் அவருக்கு வேதத்தை எடுத்துச் சொன்னவர். அரண்மனை ஊழியர் ஒருவருக்குத் திருவிதாங்கூர் எல்லைக்குள் வைத்து ஞானஸ்நானம் கொடுப்பது எவருக்கும் ஆபத்தான காரியம். எனவே கணவாய் தாண்டி வடக்கன்குளத்துக்கு வந்தார். இங்கே இருந்தவர் இத்தாலிய நாட்டுச் சேசுசபைக் குருவான புத்தாரி அடிகள். தமிழில் பரஞ்சோதிநாதர் என்று வழங்கப்பட்டவர். லாசர் என்ற பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் என்று இட்டார்கள். அவருடைய மனைவி பார்கவியும் இங்கேயே ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ என்ற பெயர் கொண்டார். தெரேசா என்ற பெயரின் தமிழ் வடிவமாக அதைக் கொடுத்தார்களாம். எவ்வளவு அழகான பெயர் பாருங்கள்! இன்று நம் பெண்குழந்தைகளுக்கு இட நமக்குத் தோன்றுவதில்லை.

1749இல் தேவசகாயம் கைது செய்யப்பட்டதையும், எருமைமேல் பின்னோக்கி உட்கார்த்தி ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டதையும், 1752 ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுடப்பட்டதையும் நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுதோறும் மறையுரைகளில் கேட்கிறீர்கள். ஒன்றை மட்டும் வற்புறுத்த விரும்புகிறேன். எல்லா மனிதரும் சமம் என்று அவர் அழுத்திப் பேசினார், சாதி பாராமல் எல்லோரோடும் கலந்து பழகினார், அது மேல்குலத்தார் சினத்தைத் தூண்டியது என்பது அவரைப் புனிதராக உயர்த்தியபோது திருச்சபையே ஏற்று அறிவித்த வரலாறு. ஞானஸ்நானத் தொட்டியில் இருந்து எழுந்த மனிதருக்கு அந்த ஞானஸ்நானத்தின் பொருள் விளங்கியிருந்தது.

கணவர் இறந்தபின் ஞானப்பூ அம்மாள் நட்டாலத்துக்குத் திரும்பவில்லை. இந்த ஊரில்தான் தங்கினார். பதினான்கு ஆண்டுகள் விதவையாக இங்கே வாழ்ந்து 1766இல் இறந்து, இந்த மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார். தேவசகாயத்தின் உடல் கோட்டாறு சவேரியார் கோயிலில் இருக்கிறது. அங்கே கூட்டம் கூடுகிறது. அந்த அம்மாளைத் தேடி வருகிறவர்கள் மிகச் சிலரே. கணவர் பட்ட பாட்டுக்கு ஒரு முடிவு இருந்தது. வீட்டையும் உறவையும் விட்டு, அயல் நாட்டில், அடுத்த நாளை எண்ணிப் பதினான்கு ஆண்டு கழிப்பதற்கும் திடம் வேண்டும். பங்கின் மாதர் சங்கத்தார் இதைக் கவனிப்பார்களாக.

நிற்க. சுவருக்கு வருவோம். அது ஒருநாளில் முளைத்ததல்ல. 1606இல் ராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்து, காவியுடுத்துச் சந்நியாசியாக வாழ்ந்து வேதம் போதித்தபோது, குல ஆசாரங்களைச் சமூக வழக்கம் என்று கொண்டு, அவற்றை விட்டுவிடக் கேட்காமலே மனிதரைச் சபையில் சேர்த்தார். பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாம் என்று பதினைந்தாம் கிரகோரியார் பாப்பானவர் 1623இல் அனுமதித்தார். ஆனால் அதே ஆணையில், உயர்குலத்துக் கிறிஸ்தவர்கள் தாழ்ந்தவர்களை இகழாமல், ஒரே கோயிலில் சேர்ந்து தேவ வாக்கியத்தைக் கேட்க வேண்டுமென்று உருக்கமாகக் கேட்டும் இருக்கிறார். அனுமதியை எல்லோரும் நினைவில் வைத்துக்கொண்டார்கள், வேண்டுகோளை மறந்துவிட்டார்கள். மேல்குலத்தாரிடம் போக ஒரு வகைச் சாமியார், மற்றவர்களிடம் போகப் பண்டாரசாமி என்று குருக்களே இரு வகையாகப் பிரிந்து உழைத்தார்கள். 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் பாப்பானவர் தமிழ்நாட்டு ஆசாரங்களைப் பற்றி வெளியிட்ட சாசனத்திலும், ஒதுக்கப்பட்ட குலத்தாருக்கென்று தனிக் குருக்களை வைக்கும் ஏற்பாட்டை ஒப்புக்கொண்டார்.

நோபிலியைக் குறைசொல்வது எனக்கு நோக்கமன்று. தமிழ் உரைநடைக்கு அவர் செய்த தொண்டு பெரிது. அன்றிருந்த நிலையில் வேறு வழியில் அவர் போயிருந்தால் மதுரையில் ஒரு கதவும் திறந்திராது என்று வாதிடுவோர் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் தற்காலிகமாகப் போட்ட சாரத்தைக் கட்டடம் முடிந்தபின் பிரிக்காமல் விட்டால், நாளடைவில் அதையே கட்டடம் என்று நினைத்துவிடுவார்கள். நம் சபையில் நடந்தது அதுதான்.

அந்தக் காலத்திலேயே எதிர்ப்பு இல்லாமல் இல்லை. தேவசகாயம் இங்கே ஞானஸ்நானம் பெற்ற அதே 1745ஆம் ஆண்டு, அக்டோபர் மாதத்தில், புதுச்சேரியில் நடந்த ஒரு காரியத்தை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அங்கே சம்பாக் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களைப் பிரித்து ஒரு சுவர் இருந்தது. காரைக்காலில் அத்தகைய பிரிவினை நீங்கியதைக் கேள்விப்பட்ட புதுவை மக்கள் தங்கள் குருவிடம் போய், நாங்களும் உங்கள் பிள்ளைகள்தானே என்று முறையிட்டார்கள். குரு சுவரை இடிக்கச் செய்தார். பிள்ளையவர்கள் கிறிஸ்தவரல்லர், இந்தக் கலப்பு அவருக்குப் பிடித்தமானதுமல்ல. ஆகவே அவர் எழுதியதை நம் பெருமைக்காக எழுதிய கதை என்று யாரும் தள்ள முடியாது. சுவரை இடிக்க வேண்டும் என்ற எண்ணம் ஐரோப்பாவிலிருந்து 20ஆம் நூற்றாண்டில் கப்பலேறி வந்தது என்று சொல்கிறவர்களுக்கு இதை எடுத்துக்காட்டலாம். வெளியே நின்ற ஏழைகள்தான் முதலில் கேட்டார்கள்.

1773இல் சேசுசபை உலகெங்கும் கலைக்கப்பட்டது. அதன்பின் நெடுங்காலம் இந்தப் பகுதியில் குருக்கள் அருகினர். ஆண்டுக்கொருமுறை ஒரு சுவாமியார் வந்தால் பெரிது. அந்த வறட்சியிலே விசுவாசம் காய்ந்துபோகாமல் காத்தவர்கள் உபதேசியார்களும் ஊர்ப் பெரியவர்களும்தான். செபம் சொல்லிக் கொடுத்தவர்கள், சாகக் கிடந்தவர்களுக்கு உத்தம மனஸ்தாப மந்திரம் சொன்னவர்கள், குழந்தைகளுக்கு அவசர ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் அவர்களே. அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அதே வேளையில், கோயில் காரியங்கள் குருவின் கையைவிட்டு ஊர்ப் பெரிய குடும்பங்களின் கைக்குப் போய், அங்கே உரிமையாக இறுகியதும் அந்தக் காலத்தில்தான் என்று நான் கருதுகிறேன். பூசைக்கு உதவி செய்வது யார், பாடுவது யார், திருநாளில் முன்னே நிற்பது யார் என்பவையெல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் சொத்துப்போல் ஆகிவிட்டன. 1838இல் பிரெஞ்சுச் சேசுசபையார் வந்து புதிய மதுரை மிஷனைத் தொடங்கியபோது, வாசல்தோறும் ஒரு வழக்கம் உட்கார்ந்துகொண்டு வழிமறித்தது.

நாடார்கள் தொகையில் மிகுந்தவர்கள். பனையேற்றத்தோடு நில்லாமல் வியாபாரத்திலும் படிப்பிலும் முன்னேறிக்கொண்டிருந்தவர்கள். வேளாளரும் முதலிமாரும் தொகையில் குறைந்தவர்கள். கோயிலில் முதன்மை தங்களுடையது என்று நம்பியவர்கள். ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பூசை காண மாட்டோம் என்றார்கள். ஆளுக்கொரு கோயில் கட்டிக் கொடுத்தால் ஒரே பங்கு இரண்டாகும். கட்டாவிட்டால் கலகம். இந்த நெருக்கடியில் பிறந்ததுதான் 1872இல் உருவான கோயில்.

அதன் அமைப்பை இளைஞர்கள் கற்பனை செய்துகொள்ள வேண்டும். கிழிந்த ஓலையின் இரு பாதிகளைப்போல இரண்டு நீண்ட கூடங்கள். இரண்டும் ஒரு முனையில் வந்து கூடும். கூடும் இடத்தில் ஒரே பீடம். நடுவே சுவர். இந்தக் கூடத்தில் முழந்தாளிட்டிருப்பவருக்குப் பீடமும் குருவும் தெரியும். அந்தக் கூடத்தில் இருப்பவர் தெரியமாட்டார். வெள்ளைக்காரர்கள் இதைக் கால்சட்டைக் கோயில் என்று கேலியாக எழுதி வைத்தார்கள். இரண்டு கால்கள், ஒரே இடுப்பு என்று பொருள்! கேலி கசக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைக் கட்டிய குருக்களின்மேல் இரக்கமே வந்தது. இரண்டு பீடம் வைப்பதற்கு அவர்கள் மனம் ஒப்பவில்லை. ஒரு பீடத்தை விட்டுக்கொடுக்காமல், மற்றெல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தார்கள். கொத்தனாருக்கு இப்படியொரு வரைபடத்தைக் கொடுத்தபோது அவன் என்ன நினைத்திருப்பான்!

முப்பத்தெட்டு ஆண்டுகள் அந்தச் சுவர் நின்றது. முப்பத்தெட்டு ஆண்டு என்பது சிறிது காலமன்று. ஒரு குழந்தை பிறந்து, புதுநன்மை வாங்கி, மணமுடித்து, தன் பிள்ளைக்கும் புதுநன்மை வாங்கிக் கொடுக்கும் காலம். அந்தக் குழந்தைக்குச் சுவர் ஓர் ஏற்பாடாகத் தோன்றியிராது. தூண்போல, மணிக்கூண்டுபோல, கோயில் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியிருக்கும். சுவர் செய்த பெரிய கேடு இதுவே.

அந்த ஆண்டுகளில் வெளியுலகம் சும்மா இருக்கவில்லை. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். வழக்கு வந்தது. 1899இல் சிவகாசியில் கொள்ளையும் கொலையும் நடந்து தென்மாவட்டங்கள் தீப்பற்றி எரிந்தன. கமுதி வழக்கு லண்டன் பிரிவி கௌன்சில் வரை சென்று, 1908இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. வழக்கம் எதுவோ அதுவே உரிமை என்று நாட்டின் உச்ச மன்றம் சொல்லிவிட்ட சமயம் அது. அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1910இல், வடக்கன்குளம் கோயிலின் சுவர் இடிக்கப்பட்டது. சேசுசபையைச் சேர்ந்த கௌசானல் சுவாமியார் இதில் முன்னின்றார். பாளையங்கோட்டையில் திரு இருதய சகோதரர்கள் சபையைத் தோற்றுவித்தவரும் அவரே.

வேளாளரும் முதலிமாரும் கொதித்தெழுந்தார்கள். நம்முடைய இன்றைய மனநிலையில் நின்று அவர்களைத் திட்டிவிடுவது எளிது. அவர்கள் பக்கத்தையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். பாட்டன் காலத்தில் குருக்களே ஒப்பிக் கட்டிய சுவர். குருக்களே ஆண்டாண்டு காலம் ஏற்று நடத்திய வழக்கம். ஒருநாள் காலையில் அதே குருக்கள் அது பாவம் என்கிறார்கள். நேற்றுவரை பாவமில்லாதது இன்று எப்படிப் பாவமாயிற்று என்ற கேள்வி அவர்களுக்கு எழுந்திருக்கும். அந்தக் கேள்விக்குச் சரியான பதில், "நேற்றும் பாவந்தான், நாங்கள்தான் சொல்லத் தயங்கினோம்" என்பது. அதைச் சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்?

நீதிமன்றத்துக்குப் போனார்கள். திருநெல்வேலியில் தொடங்கிய வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. மைக்கேல் பிள்ளை முதலானோர் வாதிகள். திருச்சி மேற்றிராணியார் பார்த் ஆண்டகை பிரதிவாதி. கேட்டவை இரண்டு. பூசைக்கு உதவி செய்யும் உரிமையும் கோயில் சடங்குகளில் பணிபுரியும் உரிமையும் தங்களுக்கே உண்டு என்று தீர்மானிக்க வேண்டும். இடித்த சுவரை மறுபடி கட்டித்தர உத்தரவிட வேண்டும். இரண்டும் மறுக்கப்பட்டன. இவை நீதிமன்றத்தில் கேட்டுப் பெறத்தக்க சிவில் உரிமைகள் அல்ல என்பது தீர்ப்பின் சாரம். 1917ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் இது அச்சாகியிருக்கிறது.

கமுதியில் ஒருவிதமாகவும் வடக்கன்குளத்தில் வேறுவிதமாகவும் தீர்ப்பு வந்ததற்கு நீதிபதிகளின் நல்ல மனம் மட்டும் காரணமென்று கொள்ளக்கூடாது. கமுதியில் கோயிலின் பரம்பரை அறங்காவலரான சேதுபதி மன்னரே வழக்கத்தின் பக்கம் நின்றார். இங்கே கோயிலுக்குப் பொறுப்பான மேற்றிராணியார் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நின்றார். மேற்றிராணியார் அசைந்திருந்தால், "ஊர் அமைதிக்காக இரண்டடி உயரத்துக்காவது கட்டிவிடுவோம்" என்று சமாதானம் பேசியிருந்தால், எந்த நீதிமன்றமும் இந்தக் கோயிலைக் காப்பாற்றியிராது. அதிகாரத்தில் இருப்பவர் நிற்கும் பக்கம் எது என்பது எவ்வளவு பெரிய காரியம் என்று இதிலிருந்து தெரிகிறது. பங்குப் பேரவையில் இருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். சுவாமியார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அதற்குப்பின் 1923இல் தூத்துக்குடி மறைமாவட்டம் அமைந்தது. கடற்கரைப் பரதவர் குலத்தில் பிறந்த ரோச் ஆண்டகை அதன் முதல் ஆயரானார். இக்காலத்து இலத்தீன் முறைத் திருச்சபையில் முதல் இந்திய ஆயர் அவர். அடுத்தடுத்து வந்த பள்ளிகளையும் சபைகளையும் கட்டடங்களையும் மலரின் மற்றப் பக்கங்கள் சொல்லும். நான் தாண்டிச் செல்கிறேன்.

ஆனால் சுவர் 1910இல் முடிந்துவிடவில்லை. மதம் மாறிய ஒருவருக்குச் சாதி நீடிக்குமா என்ற கேள்வியை இந்திய உச்ச நீதிமன்றம் ஆராய்ந்த ஒரு தீர்ப்பு 1976ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளிவந்தது. கிறிஸ்தவர்களான பின்னும் சாதியாகவே இருக்க முடியும் என்பதற்கு அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டும் வழக்குகளில் ஒன்று எது தெரியுமா? வடக்கன்குளம் வழக்கு. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, இந்த நாட்டின் தலைமை நீதிமன்றம், நம் ஊரின் பெயரைச் சொல்லி, கிறிஸ்தவர்களிடையே சாதி உண்டு என்கிறது! தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற ஊர் என்பதற்காக அங்கே நம் பெயர் வரவில்லை.

நம்மோடு மட்டும் இது நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டதையொட்டிக் கலகம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தார்கள். ஒரே திருச்சபையைச் சேர்ந்தவர்கள் இரு பக்கமும் நின்றார்கள். வடக்கன்குளத்துச் சுவரும் வேளாளருக்கும் நாடாருக்கும் இடையே நின்றது. அது இடிந்தபோது இரு சாராருக்கும் கீழே தள்ளப்பட்டிருந்தவர்கள் எங்கே நின்றார்கள் என்று கேட்க வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது. சுவரை இடித்த பெருமையைக் கொண்டாடுகிறவர்கள் அந்தக் கேள்வியை மற்றவர்கள் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. கல்லறைத் தோட்டம், திருநாள் வரி, சப்பரம் வரும் தெரு இம்மூன்றையும் பார்த்தாலே ஒரு பங்கின் நிலை தெரிந்துவிடும். ஞாயிறு பூசையில் எல்லோரும் கலந்து உட்கார்ந்திருப்பதை வைத்து முடிவுகட்டக் கூடாது.

இந்தச் சமயத்தில் ஒரு நல்ல செய்தியையும் நினைவுபடுத்துகிறேன். 2012 டிசம்பர் 2ஆம் நாள் நாகர்கோவிலில் தேவசகாயத்துக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கப்பட்டபோது அவருடைய பெயரோடு பிள்ளை என்ற குலப்பெயரும் சேர்ந்தே வழங்கியது. சாதியை மறுத்து உயிர்கொடுத்தவருக்குச் சாதிப் பெயர் எதற்கு என்று விசுவாசிகள் சிலர் ரோமைக்கு எழுதினார்கள். ரோமை கேட்டது. 2022 மே 15ஆம் நாள் பிரான்சிசு பாப்பரசர் அவரைப் புனிதராக உயர்த்தியபோது தேவசகாயம் என்ற பெயர் மட்டுமே நின்றது. வேறு எந்தக் காரியத்தில் தாமதித்தாலும், இதில் திருச்சபை கடிதம் எழுதிய சாதாரண மக்களின் சொல்லுக்குச் செவிகொடுத்தது. குலப்பெயரோடு அச்சடித்த பழைய படங்களும் நவநாள் புத்தகங்களும் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அவற்றை எறிய வேண்டாம். அடுத்த பதிப்பு அச்சிடும்போது கவனமாயிருந்தால் போதும்.

"ஆறிய புண்ணை ஏன் கிளற வேண்டும்? சேர்ந்து வாழ்கிறோம், பெண் கொடுத்துப் பெண் எடுக்காவிட்டாலும் சண்டையில்லாமல் இருக்கிறோம், போதாதா?" என்று கூட்டத்தில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு என் விடை இது: இந்தக் கதையைக் கிளறுகிறவன் நான் அல்லன். அது அச்சாகிப் பல நூல்களில் இருக்கிறது. சென்னையிலும் அயல்நாடுகளிலும் ஆராய்ச்சி மாணவர்கள் வடக்கன்குளம் என்ற பெயரை இந்தச் சுவரோடு சேர்த்தே படிக்கிறார்கள். வெளியூரில் படிக்கும் நம் பிள்ளை ஒருநாள் நூலகத்தில் அதைப் படித்துவிட்டு, "எங்கள் ஊரைப் பற்றி எனக்கு ஏன் ஒருவரும் இதைச் சொல்லவில்லை?" என்று கேட்டால், பெற்றோர் என்ன சொல்வார்கள்? கட்டியது நம் முன்னோர். இடித்ததும் நம் முன்னோர். இரண்டில் ஒன்றை மட்டும் சுதந்தரமாகப் பெற்றுக்கொள்ள முடியாது.

ஆகவே இந்த யூபிலி ஆண்டில் மூன்று காரியங்களைப் பங்குப் பேரவைக்கு முன் வைக்கிறேன். உயர் நீதிமன்றத் தீர்ப்பின் நகல் எந்த வழக்கறிஞரின் நூலகத்திலும் கிடைக்கும். அதை வாங்கி, ஊரில் ஆங்கிலம் படித்த இளைஞர்கள் நான்கு பேர் உட்கார்ந்து தமிழில் பெயர்த்து, பங்கு அலுவலகத்தில் வைக்க வேண்டும். விரும்புகிறவர்கள் படிக்கட்டும், விரும்பாதவர்களை வற்புறுத்த வேண்டாம். அடுத்து, கோயில் வளாகத்தில் ஒரு சிறு கல் நாட்டி, அதில் சுவர் எழுந்த ஆண்டையும் இடிந்த ஆண்டையும், 1872, 1910 என்று இரண்டு எண்களை மட்டும் பொறிக்க வேண்டும். யார் பெயரும் வேண்டாம், எந்தச் சாதியின் பெயரும் வேண்டாம், கல்வெட்டில் நன்கொடையாளர் பட்டியலும் வேண்டாம். குழந்தைகள் அது என்னவென்று கேட்பார்கள். கேட்டால் மறைக்கல்வி ஆசிரியர்கள் சொல்லட்டும்.

மூன்றாவது, ஞானப்பூ அம்மாளைப் பற்றியது. ஜனவரி 14ஆம் நாளை நாம் சிறப்பிக்கிறோம். அதோடு ஆண்டில் ஒருநாள் அந்த அம்மாளுக்காகவும் ஒரு பூசை வைக்க வேண்டும். அந்தப் பூசைக்கு உதவி செய்யும் பிள்ளைகளை, இந்த ஊரின் எல்லாத் தெருக்களிலிருந்தும், முன்பு எந்தக் கூடத்திலும் இடம் கிடைக்காதவர்களின் தெருவிலிருந்தும், சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். பூசைக்கு உதவி செய்வது யார் என்பதற்காகத்தானே உயர் நீதிமன்றம் வரை போனோம்? நாள் எது என்பதைச் சுவாமியாரும் பேரவையும் கலந்து முடிவு செய்யட்டும். சீட்டு எழுதும் வேலையை நான் வேண்டுமானால் செய்து தருகிறேன்.

நேரம் ஆகிவிட்டது, கலை நிகழ்ச்சிக்காகச் சிறுவர்கள் வேடம் போட்டுக்கொண்டு காத்திருக்கிறார்கள்.